செவிலியக் கல்வியாசிரியர் தொழிற்சான்று

செவிலியர்க்குக் கற்பிப்போர் தம் போதனைத் திறத்தைப் பரீட்சை வாயிலாக நிலைநாட்டிப் பெறும் தகுதிச் சான்று இது. நோயாளியைப் பேணும் அறிவு வேறு, அவ்வறிவைப் பிறர்க்குப் புகட்டும் வித்தை வேறு என்னும் உண்மை, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட முயற்சியால் அங்கீகாரம் பெற்றதே இதன் வரலாறாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டுச் செவிலியர் பள்ளிகள் பெரும்பாலும் ஆஸ்பத்திரிகளைச் சார்ந்தே இயங்கியமையால், கற்கவந்த மாணவியர் வார்டுகளில் குறைந்த செலவில் உழைக்கும் ஊழியராயினர். கற்பிக்கும் பொறுப்போ, நிர்வாகச் சுமையோடு சேர்ந்து, பள்ளியின் மேற்பார்வையாளரான மூத்த செவிலியையே சார்ந்தது. இந்நிலையை மாற்றக் கருதி, 1893இல் சிக்காகோ உலகப் பொருட்காட்சியையொட்டிக் கூடிய செவிலியர், இஸபெல் ஹாம்ப்டன் முன்னின்று ஊக்க, மேற்பார்வையாளர் சங்கம் ஒன்றை நிறுவ முற்பட்டனர். அச்சங்கத்தாரின் முயற்சியால் 1899இல் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலையின் ஆசிரியர் கல்லூரியில் செவிலியர்க்கெனத் தனி வகுப்புத் தொடங்கிற்று. அங்கு 1907இல் பேராசிரியராக நியமனம் பெற்ற மேரி அடிலெய்டு நட்டிங், உலகிலேயே அப்பதவியை வகித்த முதற் செவிலியாவார்.

1912இல் தேசியச் செவிலியர் கல்விக் கழகம் எனப் பெயர் பூண்ட அச்சங்கம், 1917இல் பள்ளிகளுக்கு மாதிரிப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தளித்தது. செவிலியர் கல்வியை ஆராய்ந்து 1923இல் வெளிவந்த கோல்ட்மார்க் அறிக்கை, அடிப்படைப் பயிற்சி மட்டும் போதாது, போதனாசிரியர் யாவரும் அதற்கு மேலும் விசேஷப் பயிற்சி பெறுதல் வேண்டும் என வலியுறுத்தியது. ஆயினும், மயக்கமருந்து செலுத்தும் செவிலியர்க்கு 1945இலும், பிற துறைச் செவிலியர்க்கு 1973 முதல் அமெரிக்கச் செவிலியர் சங்கத்தின் வாயிலாகவும் தொழிற்சான்றுகள் கிடைத்திருக்க, அவர்களையெல்லாம் உருவாக்கிய ஆசிரியர்க்குத் தனிச்சான்று நெடுங்காலம் இல்லை.

பழைய கல்விக் கழகத்தின் வழிவந்து, 1952 முதல் தேசியச் செவிலியர் கழகம் என வழங்கும் ஸ்தாபனமே அக்குறையை நீக்கிற்று. கற்றலுக்குத் துணைநிற்றல், மாணவரின் தேர்ச்சியை மதிப்பிடுதல், பாடத்திட்டம் வகுத்தல், ஆராய்ச்சியில் ஈடுபடுதல் முதலாக ஆசிரியர்க்குரிய எட்டுத் திறன்களை வரையறுத்த அக்கழகம், 2005இல் அவற்றை ஆதாரமாகக் கொண்ட முதற் பரீட்சையை நடத்தியது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டிய அச்சான்றைத் தொடர்ந்து, நோயாளியின் அருகிலிருந்து செய்முறை கற்பிப்போர்க்கும், ஆசிரியப் பணியில் புதிதாய்ப் புகுந்தோர்க்கும் தனித்தனிச் சான்றுகள் பிற்காலத்தே ஏற்பட்டன.

இச்சான்று தொழில் நடத்துவதற்குரிய உரிமமன்று; ஆசிரியர் தாமே விரும்பி ஏற்கும் சோதனை. நோயாளியின் நலம் செவிலியின் அறிவையும், அவ்வறிவு ஆசிரியரின் திறத்தையும் சார்ந்திருத்தலின், போதனையைத் தனித் தொழிலாக மதித்துச் சோதிக்கும் இவ்வேற்பாடு, முடிவில் நோயாளியின் பாதுகாப்பிற்கே உரியதாகும்.