உலகம் மெய்யோ, தோற்றமோ? திருவரங்கம் தரும் ஒரு விடை

திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் ஷ்வார்ட்ஸ் ஐயர் 1766இல் எழுப்பிய கிறிஸ்து ஆலயத்திற்கு வடக்கே காவிரியைக் கடந்தால் திருவரங்கம். படைப்பைக் குறித்து இன்று நம் வாலிபர் எழுப்பும் வினா ஒன்று, அவ்வாலயம் தோன்றுவதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே அத்தீவில் ஆழ்ந்து ஆராயப்பட்டது.

அவ்வினாவின் புதிய வடிவத்தை முதலில் காண்போம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத் தத்துவ அறிஞர் நிக் பாஸ்ட்ரம் 2003இல் ஒரு வாதத்தை வெளியிட்டார். உயிருள்ள மாந்தரின் உணர்வையே கணிப்பொறியில் பாவனையாக இயக்கும் ஆற்றலை எய்துமுன் நாகரிகங்கள் பெரும்பாலும் அழிந்துபோகும். அல்லது ஆற்றல் பெற்றவர்கள் தம் முன்னோரின் வாழ்வை அவ்வாறு இயக்க முற்படார். அல்லது நாமே அத்தகைய பாவனைக்குள் வாழ்கிறோம் என்பது ஏறத்தாழ உறுதி. இம்மூன்றில் ஒன்றேனும் உண்மையாக வேண்டும் என்றார் அவர். மூன்றாவதே உண்மை என்று சாதிக்கவில்லை. எனினும், உலகை அமைத்தவர் ஒருவர் உண்டென்பதற்கு இது சான்று எனப் பிரசங்கபீடத்தில் எடுத்தாள நமக்கு ஆவல் எழக்கூடும். அது தகுமா?

மரபு 1017 முதல் 1137 வரை வாழ்ந்தவராகக் கூறும் இராமானுஜர், ஆளவந்தாருக்குப் பின் திருவரங்கத்தில் வைணவ சமயத்தின் தலைமையை ஏற்றார். பிரம்ம சூத்திரத்திற்கு அவர் இயற்றிய ஸ்ரீபாஷ்யம் அத்வைதக் கொள்கையை விரிவாக மறுக்கிறது. சங்கரர் உலகை வெறுங்கனவு என்றார் எனக் கூறுவது நேர்மையன்று. நனவு கனவினின்று வேறானது என்று அவரே வாதிட்டுள்ளார். ஆயினும் பிரமத்தை அறிந்த நிலையில் உலகிற்குத் தனி மெய்ம்மை இல்லை என்பது அவர் முடிபு. இராமானுஜர் இதனை ஏற்கவில்லை. மாயை என்னும் சொல் பொய்யைக் குறிப்பதன்று, வியப்புக்குரிய படைப்பாற்றலைக் குறிப்பது என்றார்.

கனவைப் பற்றிய அவரது விளக்கம் நம் கவனத்திற்குரியது. கனவில் காணும் தேரும் குதிரையும் அக்கனவு காண்பவனுக்கென்றே, அவ்வேளைக்கென்றே, அவன் வினைக்கேற்ப இறைவனால் படைக்கப்படுகின்றன என்றார். ஆகவே ஒருவன் மட்டுமே காணும் குறுகிய கால உலகும் அவர் கருத்தில் பொய்யன்று. அதற்கும் படைத்தவர் உண்டு. உலகம் முழுவதும் இறைவனின் உடல். ஓர் உயிர் எதனை முற்றிலும் தாங்கி, தன் நோக்கத்திற்கென இயக்குகிறதோ, எது அவ்வுயிரையே சார்ந்துள்ளதோ, அதுவே அதன் உடல் என்று அவர் வரையறுத்தார்.

இவ்வளவுகோலால் பாவனைக் கொள்கையை அளந்து பார்ப்போம். அது காட்டும் அமைப்பாளர் தம் உலகின் விதிகளுக்குக் கட்டுப்பட்டவர். அவரும் வேறொரு பாவனைக்குள் இருக்கலாம் என்பதைப் பாஸ்ட்ரமே குறிப்பிடுகிறார். அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அகன்றுவிடலாம். இத்தகையவர் கைவினைஞர், சிருஷ்டிகர் அல்லர். அவரைக் கடவுளுக்குச் சான்றாக நிறுத்துவோமாயின், வணக்கத்திற்குரியவரைப் படைப்புப் பொருள்களுள் ஒன்றாக இறக்கியவர்களாவோம்.

இராமானுஜரின் கொள்கையும் நம் விசுவாசமும் ஒன்றல்ல. அவருக்கு இறைவனே உலகின் முதற்காரணப் பொருளும் ஆவார். படைப்பும் ஒடுக்கமும் தொடக்கமின்றி மாறி மாறி வருவன. இன்மையிலிருந்து கடவுள் படைத்தார் என்பது திருச்சபையின் போதனை. இவ்வேறுபாட்டை அறிந்திருந்தும், கோயம்புத்தூர்ப் பேராயராயிருந்த ஏ. ஜே. அப்பாசாமி (1891–1975) உடல்–உயிர் உவமையைக் கிறிஸ்தவ இறையியலுக்குப் பயனுள்ளதாகக் கண்டார். தாங்குகிறவர், உள்ளிருந்து நடத்துகிறவர் என்னும் உண்மையை அவ்வுவமை காக்கிறது.

பசியால் வாடுகிறவனிடம் அவன் பசி வெறுந்தோற்றம் என்று எந்த ஆயரும் சொல்லத் துணியார். கிறிஸ்துவின் உடலைத் தோற்றமாக்கிய போதனையை ஆதித் திருச்சபை மறுத்ததற்கும் இதுவே காரணம்: தோற்றமான உடல் மெய்யான துயரைச் சுமக்க இயலாது. வினாவோடு வரும் வாலிபனுக்கு, உலகை அமைத்தவர் ஒருவர் உண்டு என்று மட்டும் கூறி நிறுத்துவது போதாது. அவர் இவ்வுலகை நல்லதென்று கண்டு, அதில் மாம்சமானார் என்பதையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம்.