யாழ் தேவியை எந்த அளவில் செய்வது?

மாதிரி ரயில் கண்காட்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் சென்ற பெற்றோர் பலருக்கு இந்தக் கேள்வி வந்திருக்கும். கனடாவின் ரயில்கள் எல்லாம் மேசையில் ஓடுகின்றன, எங்கள் யாழ் தேவி மட்டும் ஏன் இல்லை? என் மகளும் கேட்டாள். "கடையில் இல்லை, பிள்ளை" என்று சொல்லி அன்றைக்குத் தப்பிவிட்டேன். ஏன் இல்லை என்பதைப் பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கு என்னை மாதிரி ரயில் உலகின் சிறுபான்மை அளவு ஒன்றிடம் கொண்டுபோய் விட்டது.

அளவு வேறு, பாதை அகலம் வேறு

அளவு என்பது உண்மையான ரயிலை எத்தனை மடங்கு சுருக்குகிறோம் என்பது. பாதை அகலம் என்பது இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட தூரம். டோர்செட் பார்க்கில் வசிப்பவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். எல்ஸ்மியர் நிலையத்துக்கு 2023 வரை வந்துபோன ஸ்காபரோ ஆர்.ரி. ரயில் 1,435 மி.மீ. அகலப் பாதையில் ஓடியது. உலகின் பெரும்பாலான ரயில்களுக்கு அதுதான் அகலம். ஆனால் கெனடி நிலையத்தில் மாறி ஏறும் சுரங்க ரயிலின் பாதை அகலம் 1,495 மி.மீ. ஒரே நகரத்தில், ஒரே நிலையத்தில், இரண்டு அகலங்கள்.

மாதிரி ரயிலில் உலகெங்கும் கூடுதலாக விற்பது எச்.ஓ. எனப்படும் 87 மடங்கு சுருக்கம். 1,435ஐ 87ஆல் பிரித்தால் 16.5 மி.மீ. வரும். கடைகளில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் அதுதான்.

இலங்கையின் பிரதான பாதை ஐந்தரை அடி, அதாவது 1,676 மி.மீ. இந்தியாவின் அகலப் பாதையும் இதே அளவுதான். அதை 87ஆல் பிரித்தால் 19.3 மி.மீ. வருகிறது. 16.5 மி.மீ. தண்டவாளத்தில் எச்.ஓ. அளவு யாழ் தேவியை வைத்தால், அகலமான பெட்டி ஒடுங்கிய கால்களில் நிற்பதுபோல இருக்கும்.

மூன்று மில்லிமீற்றர் கணக்கு

பிரித்தானியாவில் ட்ரை-ஆங் நிறுவனம் 1957இல் ஓர் அடிக்கு 3 மி.மீ. என்ற கணக்கில், அதாவது 101.6 மடங்கு சுருக்கத்தில், ரயில்களை விற்கத் தொடங்கியது. 1960களின் இறுதிக்குள் அந்த வரிசை நின்றுபோனது. ஆனால் அந்த அளவை விரும்பியவர்கள் 1965இல் மூன்று மில்லிமீற்றர் சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். பெரிய நிறுவனம் கைவிட்ட பிறகும் சக்கரம், தண்டவாளம், உதிரிப்பாகம் எல்லாவற்றுக்கும் அந்தச் சங்கமே உறுப்பினருக்குத் துணையாக நின்றது.

அந்த அளவில் வழக்கமாகப் பாவிப்பது 12 மி.மீ. தண்டவாளம். எங்கள் பாதைக்கு அது வேண்டாம். ஐந்தரை அடியை மூன்றால் பெருக்குங்கள். 16.5 மி.மீ. வருகிறது. எந்தக் கடையிலும் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளம் அப்படியே எங்கள் அகலப் பாதையாகிவிடுகிறது. சிலிப்பர் கட்டைகளின் நீளமும் இடைவெளியும் கொஞ்சம் பிசகும். சக்கரங்களையும் மின்மோட்டாரையும் எச்.ஓ. பொருட்களிலிருந்தே எடுக்கலாம். பெட்டியின் உடலை மட்டும் அட்டையிலோ முப்பரிமாண அச்சிலோ நாங்கள் செய்யவேண்டும்.

இடமும் குறைவு. 100 மீற்றர் நீளமான ரயில் எச்.ஓ. அளவில் 115 செ.மீ. பிடிக்கும். இந்த அளவில் 98 செ.மீ. போதும். தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு அந்த வித்தியாசம் பெரிது.

சிறுபான்மை அளவுகள் பிழைத்த விதம்

எஸ் எனப்படும் 64 மடங்கு அளவு, ஏ.சி. கில்பேர்ட் நிறுவனத்தின் அமெரிக்கன் ஃப்ளையர் ரயில்களால் 1946 முதல் பரவியது. நிறுவனம் 1960களில் வீழ்ந்தது, அளவு வீழவில்லை. 1960இல் தொடங்கிய தேசியச் சங்கம் அமெரிக்காவில் அதைத் தாங்கியது. இங்கே ஒன்ராறியோவிலும் எஸ் ஸ்கேல் வேர்க்‌ஷொப் என்ற குழு, ஆளுக்கொரு துண்டாகச் செய்த பாதைகளைக் கண்காட்சிகளில் இணைத்து ஓட்டியிருக்கிறது. ரி.ரி. எனப்படும் 120 மடங்கு அளவு அமெரிக்காவில் பிறந்து, கிழக்கு ஜெர்மனியில் வேரூன்றியது. 2022இல் ஹோர்ன்பி நிறுவனம் அதைப் பிரித்தானியச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இவற்றில் பொதுவாக இருப்பது என்ன? பொருள் இல்லாததால் ஆள் வருவதில்லை, ஆள் இல்லாததால் பொருள் வருவதில்லை. இந்த வட்டத்தை உடைத்தவர்கள் கடைக்காரனுக்காகக் காத்திருக்கவில்லை. ஒரு பெட்டியின் வரைபடத்துக்கும் அச்சு வார்ப்புக்கும் 1,000 டொலர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் என்றால் தலைக்கு 200, இருபது பேர் என்றால் 50. இதை நாங்கள் நிலையான செலவு என்போம். ஆள் கூடக் கூட அது குறைகிறது. அதனால் புதியவர் ஒருவரைச் சேர்ப்பது பழையவருக்கும் இலாபம்.

தொடங்க விரும்புவோருக்கு

முதலில் தரத்தை ஒரே பக்கத்தில் எழுதி ஒத்துக்கொள்ள வேண்டும்: அளவு 101.6, அகலம் 16.5 மி.மீ., துண்டுகளின் முனை உயரம், மின் இணைப்பு. இது இல்லாவிட்டால் இருவர் செய்த பாதைகள் பொருந்தமாட்டா.

இரண்டாவது, சிறிதாகத் தொடங்குவது. முழு வடபகுதிப் பாதையையும் யாரும் கட்டத் தேவையில்லை. ஒரு மீற்றரில் ஒரு மேடை, ஒரு கைகாட்டி, ஒரு கடவை போதும்.

மூன்றாவது, எச்.ஓ. வைத்திருப்பவரோடு வாதாடாமல், அவருடைய தண்டவாளத்திலேயே எங்கள் பெட்டியை ஓட்டிக் காட்டுவது. சிறுபான்மை அளவுக்கு இதைவிட நல்ல விளம்பரம் இல்லை.

எந்த எஞ்சினைச் செய்வது என்பதற்கும் கனடாவிலேயே விடை உண்டு. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954இலிருந்து கனடா இலங்கைக்குக் கொடுத்த எம்2 டீசல் எஞ்சின்கள் ஒன்ராறியோவின் லண்டன் நகரில் கட்டப்பட்டவை. கனடிய மாகாணங்களின் பெயர்களை அவற்றுக்குச் சூட்டினார்கள். ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்ற பெயர்களோடு அவை எங்கள் ஊரில் ஓடின. அங்கிருந்து இங்கு வந்த எங்களுக்கு முன்னரே, இங்கிருந்து அங்கு போனவை அவை.

காலம் மட்டும்தான் எங்களிடம் குறைவு. காங்கேசன்துறை வரையான பாதை 1905இல் முழுமையடைந்தது. யாழ் தேவி 1956 ஏப்ரல் 23இல் ஓடத் தொடங்கியது. 1990 ஜூனில் சேவை நின்றது. 2014 ஒக்ரோபர் 13இல் ரயில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியபோது, புதிதாகப் போட்ட தண்டவாளத்தில்தான் வந்தது. இடையில் இருபத்துநான்கு ஆண்டுகள். சிலிப்பர் கட்டைகள்கூட மிஞ்சாத இடங்கள் பல. பழைய நிலையங்கள் எப்படி இருந்தன என்று சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது.

ஆகவே உங்கள் வீட்டு அல்பத்தில் பழைய ஸ்ரேசன் படம் இருந்தால் எடுத்துவையுங்கள். படத்தில் ஆள் நின்றால் இன்னும் நல்லது. அவருடைய உயரம் தெரிந்தால் கதவின் உயரத்தைக் கணக்கிடலாம், கதவு தெரிந்தால் கூரையைக் கணக்கிடலாம். அப்பாவிடமோ பெரியம்மாவிடமோ மேடை எந்தப் பக்கம், கிணறு எந்தப் பக்கம் என்று கேட்டு, படத்தின் பின்னால் பென்சிலால் எழுதிவையுங்கள். தண்டவாளத்தைக் கடையில் எப்போதும் வாங்கலாம். அவர்களிடம் கேட்கவேண்டியதை இப்போதே கேட்கவேண்டும்.