தடித்த எழுத்தும் தேயிலைப் பெட்டியும்

எழுத்தின் தடிப்பிற்கும் வரலாறுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் எழுத்து வார்ப்பாளர் வின்சென்ற் பிகின்ஸ், கோட்டு நுனிகளிற் கட்டைபோன்ற கனத்த அடிகளையுடைய எழுத்தை வெளியிட்டார். ஆறியமர்ந்து படிக்கும் நூலுக்கன்று. தெருவிற் செல்வோனை மறித்து நிறுத்தும் விளம்பரத்துக்கே அது உகந்தது. 1845இல் றொபேட் பெஸ்லி பதிவுசெய்த கிளாரண்டன் அதனைச் சற்றே மென்மையாக்கிற்று. அகராதிகளிலே தலைச்சொல்லை எடுத்துக்காட்டவும் உதவிற்று. பதிவுக் காப்பு மூவாண்டே. பின்னர் ஏனைய வார்ப்பாளரும் அதனைப் பின்பற்றினர்.

அதே நாற்பதுகளிலேதான் இலங்கை மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் பெருகின. தென்னிந்தியத் தொழிலாளர் கால்நடையாக வந்தனர். கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலை வந்தது. தேயிலைப் பெட்டிகளின்மேல் வெட்டுத்தகட்டை வைத்து மை தடவித் தோட்டப்பெயர், தரம், நிறை ஆகியவற்றைத் தடித்த ஆங்கில எழுத்திற் பொறித்தனர். இவையெல்லாம் கிளாரண்டன் இனம் என்றல் மிகை. ஆயின் நோக்கம் ஒன்றே. 1924இற் புகையிரதம் பதுளையை எட்டியபின் இப்பெட்டிகள் எல்ல வழியே கொழும்பு நோக்கிச் சென்றன. தொலைவில் நிற்பவனுக்கும் தெளிவாகத் தெரிந்த அவ்வெழுத்து, பெட்டியைத் தோளிற் சுமந்தவனுக்குப் பெரும்பாலும் வெறும் கறுப்புக் கோடே. கொழுந்து பறித்தவளின் பெயரோ அங்கு இல்லை.

தமிழுக்கு இத்தடிப்பு எளிதிற் பொருந்தாது. ணகர ஞகரச் சுழிகள் மையால் அடைபட்டுவிடும். எல்ல நிலையத்துப் பெயர்ப்பலகையில் மும்மொழியும் உண்டு. தோட்டத்துப் பிள்ளைகள் அதன் மூன்று தமிழெழுத்துக்களையும் கூட்டி வாசிக்கக் கேட்டிருக்கிறேன்.