லண்டன் பப்பும் பீப்பாய் ஏலும்: ஒரு மரபு உருவான விதம்

லண்டன் மாநகரின் பப் எனப்படும் பழைய மதுச்சாலைகளில் இன்று காணப்படும் மகோகனி மரத் தடுப்புகள், பூவேலை பொறித்த கண்ணாடிகள், கைப்பம்பால் இழுத்து ஊற்றப்படும் ஏல், அதனுடன் பரிமாறப்படும் இறைச்சிப் பண்டங்கள் ஆகிய அனைத்தும் ஒரே காலத்தில் ஒன்றாகப் பிறந்தவை போலத் தோன்றினாலும், அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு நூற்றாண்டுகளில், வெவ்வேறு காரணங்களால் வந்து சேர்ந்தவையாகும். அவற்றின் வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால், மரபு என்று போற்றப்படுவதில் பெரும்பகுதி அரசின் உரிமச் சட்டங்களாலும் பீர் ஆலை முதலாளிகளின் போட்டியாலும் விளைந்தது என்பதும், அழியவிருந்த மற்றொரு பகுதியைக் குடிக்க வந்தவர்களே அமைப்பாகத் திரண்டு மீட்டனர் என்பதும் புலப்படும்.

இடைக்கால இங்கிலாந்தில் மக்கள் கூடிக் குடிக்கும் இடங்கள் மூவகைப்பட்டன. வழிப்போக்கர்களுக்குத் தங்க அறையும் குதிரைகளுக்கு லாயமும் தந்தது ‘இன்’. திராட்சை மதுவை வசதி படைத்தோருக்கு விற்றது ‘டேவர்ன்’. ஏல் காய்ச்சிய வீட்டிலேயே அதை விற்ற எளிய இடம் ‘ஏல்ஹவுஸ்’. முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து, வடித்தெடுத்த இனிப்பு நீரை ஈஸ்ட் சேர்த்து நொதிக்கவிட்டால் கிடைக்கும் ஏல், அக்காலத்தில் சில நாள்களுக்கு மேல் தாங்காது என்பதால், அது தொலைதூரம் செல்லவில்லை. வீட்டு வேலைகளோடு அதையும் காய்ச்சிய பெண்களின் கையிலேயே இத்தொழில் பெரும்பாலும் இருந்தது. புதிய ஏல் ஆயத்தமானதும் வீட்டு வாசலில் தழை கட்டிய கழி ஒன்றை நீட்டிவைப்பதும், ஊரார் நியமித்த ‘ஏல் கானர்’ என்னும் சோதனையாளர் வந்து தரத்தையும் அளவையும் பார்ப்பதும் வழக்கமாக இருந்தன. ரொட்டிக்கும் ஏலுக்கும் விலை வரம்பு விதித்த 13ஆம் நூற்றாண்டுச் சட்டம் இந்தக் கண்காணிப்புக்கு அடிப்படையாயிற்று.

ஹாப்ஸ் என்னும் கொடியின் பூக்களை இட்டுக் காய்ச்சும் முறை 15ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்து, பிளாண்டர்ஸ் பகுதிகளிலிருந்து வந்து பரவியபோது தொழிலின் அமைப்பே மாறத் தொடங்கியது. ஹாப்ஸ் கசப்பைத் தந்ததோடு பானம் கெடாமலும் காத்ததால், பெரிய அளவில் காய்ச்சி, பீப்பாயில் அடைத்து, வேறிடத்துக்கு அனுப்பி விற்பது இயலுவதாயிற்று. அதற்கு மூலதனம் தேவைப்பட்டதால் வீட்டுப் பெண்களின் கையிலிருந்து தொழில் மெல்ல நழுவியது. ஹாப்ஸ் இட்டது பீர், இடாதது ஏல் என்ற வேறுபாடு காலப்போக்கில் மறைந்துவிட்டது; இன்று ஏல் என்பது, மிதமான வெப்பத்தில் மேற்பரப்பில் திரளும் ஈஸ்டால் நொதித்து உருவாகும் பீர் வகைகளின் பொதுப்பெயராகும். விற்பனை பெருகவே அரசும் தலையிட்டது: 1552ஆம் ஆண்டுச் சட்டம், ஏல்ஹவுஸ் நடத்த உள்ளூர் நீதிபதிகளிடம் உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்கியது. அதன் பின் வந்த நான்கரை நூற்றாண்டுகளில் பப்பின் வடிவத்தைத் தீர்மானித்ததில் இந்த உரிமமுறைக்கு நிகரான ஆற்றல் வேறெதற்கும் இருக்கவில்லை.

1666ஆம் ஆண்டின் பெருந்தீ நகரின் பெரும்பகுதியை அழித்துவிட்டதால், லண்டனில் மிகப் பழையவை என்று சுட்டப்படும் மதுச்சாலைகளில் பலவும் தீக்குப் பிந்தியவையே. பிளீட் தெருவிலுள்ள ‘யே ஓல்டு செஷயர் சீஸ்’ 1667இல் மீண்டும் கட்டப்பட்டது. தேம்ஸின் தென்கரையில் சதர்க் பகுதியிலுள்ள ‘ஜார்ஜ்’ விடுதி, அங்கு மூண்ட வேறொரு தீயால் அழிந்து 1677இல் எழுந்தது. வண்டிகள் வந்து நிற்கும் முற்றத்தை நோக்கி மாடி நடைகள் அமைந்த விடுதிகளில் லண்டனில் எஞ்சியிருப்பது இந்த ‘ஜார்ஜ்’ மட்டுமே என்பதால், அது இப்போது நேஷனல் டிரஸ்ட் என்னும் மரபுச்சின்னக் காப்பு அமைப்பின் உடைமையாக இருக்கிறது.

18ஆம் நூற்றாண்டு லண்டனின் பானம் போர்ட்டர் ஆகும். மூட்டை சுமப்போர் விரும்பிக் குடித்ததால் அப்பெயர் பெற்ற இந்தக் கருநிற பீர், பெரிய தொட்டிகளில் மாதக்கணக்கில் முதிரவிடப்பட்டது. தொட்டி பெரிதாக ஆக ஆதாயமும் பெருகியதால், பீர் காய்ச்சுதல் இங்கிலாந்தின் முதல் பெருந்தொழில்களுள் ஒன்றாயிற்று. சாமுவேல் விட்பிரெட் 1742இல் தொடங்கிய தொழில், 1750இல் சிஸ்வெல் தெருவின் பெரிய ஆலைக்கு மாறியது. சதர்க்கில் ஹென்றி த்ரேல் விட்டுச்சென்ற ஆங்கர் ஆலை 1781இல் விற்கப்பட்டபோது, அவருடைய உயிலை நிறைவேற்றுவோருள் ஒருவராக அகராதி ஆசிரியர் சாமுவேல் ஜான்சன் இருந்தார். விலை 1,35,000 பவுண்டு. வீட்டு அடுப்பில் நடந்த தொழில் அக்காலத்துக்குள் எவ்வளவு பெரிய மூலதனத்தை ஈர்த்துக்கொண்டது என்பதற்கு இத்தொகையே சான்று. கிழக்கு லண்டனின் போ பகுதியில் ஹாட்சன் குடும்பம் நடத்திய ஆலையிலிருந்து வெளிர்நிற ஏல், கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் சென்றதும் இக்காலத்திலேயே. அளவின் ஆபத்தும் விரைவில் தெரிந்தது: 1814 அக்டோபர் 17 அன்று டாட்டன்ஹாம் கோர்ட் சாலையருகே மியூ ஆலையின் 22 அடி உயரத் தொட்டி வெடித்து, பாய்ந்த போர்ட்டர் வெள்ளத்தில் அக்கம்பக்கத்துக் குடிசைகளில் இருந்த எட்டுப் பேர் உயிரிழந்தனர்.

ஜின் என்னும் கடும் மதுவால் ஏழைகள் சீரழிகிறார்கள், பீர் அவ்வளவு கேடில்லாதது என்ற எண்ணம் ஆள்வோரிடையே நெடுங்காலம் நிலவியது. அதன் விளைவாக 1830இல் இயற்றப்பட்ட பீர்ஹவுஸ் சட்டம், வரி செலுத்தும் எவரும் இரண்டு கினி கட்டணம் கட்டி, நீதிபதியின் ஒப்புதலின்றியே பீர் விற்கலாம் என்று அனுமதித்ததால், பல்லாயிரம் பீர்க்கடைகள் முளைத்தன. 1869இல் உரிமம் வழங்கும் அதிகாரம் நீதிபதிகளிடம் திரும்பியதும், புதிய உரிமம் கிடைப்பது அரிதாகி, இருக்கும் உரிமங்களின் மதிப்பு ஏறியது. 1886இல் கின்னஸ் நிறுவனம் பங்குச்சந்தையில் வெற்றியோடு நுழைந்ததைக் கண்ட பிற ஆலைகளும் பங்குகளை விற்றுப் பணம் திரட்டி, அதைக் கொண்டு பப்புகளைப் போட்டியிட்டு வாங்கின. ஓர் ஆலைக்குச் சொந்தமாக அல்லது கடன்பட்டதாக இருந்து, அந்த ஆலையின் பீரை மட்டுமே விற்கும் பப் ‘டைடு ஹவுஸ்’ எனப்பட்டது.

இந்தப் போட்டியின் கண்கூடான எச்சமே இன்று ‘விக்டோரிய பப்’ என்று ரசிக்கப்படுவது. ஒரே கட்டடத்துக்குள் தொழிலாளர்களுக்கு மலிவான பப்ளிக் பார், சற்று கூடுதல் விலையில் மெத்தை இருக்கையுடன் சலூன் பார், ஒதுங்கி அமர விரும்புவோருக்குச் சிறு அறைகள் என வர்க்க வேறுபாட்டைத் தச்சுவேலையாலேயே பிரித்துவைத்தனர். லாம்ஸ் காண்டூயிட் தெருவின் ‘லாம்’ பப்பில் இன்றும் இருக்கும் ‘ஸ்னாப் ஸ்கிரீன்’ என்பது, மதுமேடைக்கு மேலே முகமட்டத்தில் சுழலும்படி பொருத்தப்பட்ட சிறு பொறிப்புக் கண்ணாடிகளின் வரிசை. அதைச் சாத்திவைத்தால் மறுபக்கம் இருப்போர் முகம் பார்க்க முடியாது, கீழே உள்ள இடைவெளி வழியாகக் கோப்பை மட்டும் கைமாறும். ஹால்போர்னில் 1891இல் புதுப்பிக்கப்பட்ட ‘பிரின்சஸ் லூயிஸ்’, பளிங்கும் உருவச் சிற்பங்களும் நிறைந்த ‘பிளாக் ஃபிரையர்’ ஆகியவை இக்கலையின் உச்சங்கள். பின்னது 1960களில் இடிக்கப்படவிருந்து, கவிஞர் ஜான் பெட்ஜமன் போன்றோரின் எதிர்ப்பால் தப்பியது.

காய்ச்சுதல் ஆலைக்குப் போய்விட்ட பின்னும், பீரின் கடைசிப் பக்குவம் பப்பின் நிலவறையிலேயே நிகழ்ந்துவந்தது என்பது இவ்வரலாற்றின் மையச் செய்தி. ஆலையிலிருந்து வரும் பீப்பாயில் ஈஸ்ட் உயிரோடிருக்கிறது. அது பீப்பாய்க்குள்ளேயே மறுபடி மெல்ல நொதித்து, பானத்துக்கு மென்மையான நுரைப்பைத் தருகிறது. பெருவழக்கான ‘ஃபர்கின்’ பீப்பாய் 9 காலன், அதாவது 72 பைண்ட் கொள்ளும். நிலவறை ஊழியர் அதைத் தாங்கியின் மேல் படுக்கவைத்து, ஆப்பு வைத்து அசையாமல் நிறுத்தி, மேல்புற அடைப்பில் காற்றுப் புகும் மென்மரச் செருகு ஒன்றை அடித்து, மிகுதியான வாயுவை வெளியேற விடுகிறார். பொங்கல் அடங்கியதும் அதை எடுத்துவிட்டுக் கடினமரச் செருகால் அடைத்து, எஞ்சிய வாயுவைக் காக்கிறார். மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கப்படும் ‘ஐசிங்கிளாஸ்’ என்னும் தெளிவூட்டி ஈஸ்டை அடியில் படியச்செய்கிறது. 12 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளுமையில் ஓரிரு நாள் அசையாமல் கிடந்து தெளிந்த பின்னரே, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் புழக்கத்துக்கு வந்த கைப்பம்பின் நெம்புகோலை இழுத்து அதை மேலே ஏற்றுகின்றனர். திறந்த பீப்பாய்க்குள் காற்று புகுவதால், மூன்று நாள் அளவில் விற்றுத் தீர்க்காவிடில் சுவை கெட்டுப் புளிக்கும்.

20ஆம் நூற்றாண்டில் இந்த வேலை இரு பக்கமிருந்தும் நெருக்கடிக்கு உள்ளாயிற்று. முதல் உலகப்போரின்போது ஆயுத ஆலைத் தொழிலாளர்களின் குடியைக் கட்டுப்படுத்த 1915இல் அமைக்கப்பட்ட மத்தியக் கட்டுப்பாட்டு வாரியம் திறப்பு நேரத்தைக் குறைத்து, பிற்பகலில் கடையடைப்பைப் புகுத்தியதோடு, பல பகுதிகளில் ஒருவர் மற்றவருக்கு மது வாங்கித் தருவதையும் தடை செய்தது. பிற்பகல் அடைப்பு 1988வரை நீடித்தது. போருக்குப் பின் ஆலைகள் ஒன்றையொன்று விழுங்கி, 1960களின் இறுதிக்குள் ஆறு பெருநிறுவனங்கள் சந்தையை ஆண்டன. வடிகட்டி, சூடேற்றி ஈஸ்டைக் கொன்று, உலோகக் கலத்தில் அடைத்து, கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தால் மேலேற்றப்படும் ‘கெக்’ பீர் அவற்றுக்கு உவப்பாக இருந்தது. வாட்னி நிறுவனத்தின் ‘ரெட் பேரல்’ அதன் அடையாளமாயிற்று. கெக் பீருக்கு நிலவறைத் திறன் தேவையில்லை, எங்கும் ஒரே சுவை, எளிதில் கெடாது. ஆனால் பப்பில் முடிவுபெறும் பானம் என்ற தன்மை அதில் இல்லை.

1971இல் அயர்லாந்துக்கு விடுமுறை சென்றிருந்த நான்கு ஆங்கில இளைஞர்கள் தொடங்கிய சங்கம், 1973இல் ‘கேம்பெயின் ஃபார் ரியல் ஏல்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு, சுருக்கமாக ‘கேம்ரா’ எனப்பட்டது. விற்கப்படும் கலத்திலேயே இரண்டாம் முறை நொதித்து முதிர்ந்து, வெளியிலிருந்து கார்பன் டை ஆக்சைடு செலுத்தப்படாமல் பரிமாறப்படுவதே ‘ரியல் ஏல்’ என்று அச்சங்கம் வரையறுத்தது. இவ்வரையறை சுவையைப் பற்றி எதுவும் கூறாமல் வேலைமுறையை மட்டும் கூறியதால், எந்த பப் அதைப் பின்பற்றுகிறது என்பதை எவரும் சரிபார்க்க முடிந்தது. 1974 முதல் நூலாக வெளிவந்த ‘குட் பீர் கைடு’ அத்தகைய பப்புகளை ஊர்வாரியாகப் பட்டியலிட்டு, அவற்றைத் தேடிச் செல்லும் பழக்கத்தையே உருவாக்கியது.

உணவின் கதை இதிலிருந்து சற்று வேறானது. பழைய டேவர்ன்களிலும் ‘சாப்ஹவுஸ்’ என்னும் உணவகங்களிலும் குறித்த நேரத்தில், குறித்த விலையில் நாள் உணவு கிடைத்தது. மாட்டுக் கொழுப்பு சேர்த்த மாவுக்குள் இறைச்சியை வைத்து நீண்ட நேரம் ஆவியில் வேகவைக்கும் புட்டிங்குக்கு ‘செஷயர் சீஸ்’ பெயர் பெற்றிருந்தது. ஆனால் சாதாரண நகர பப் குடிப்பதற்கான இடமாகவே இருந்து, ஊறுகாய் முட்டை, பன்றியிறைச்சிப் பை போன்ற கொறிப்புகளோடு நின்றுவிட்டது. ரொட்டி, பாலாடைக்கட்டி, ஊறுகாய் அடங்கிய ‘உழவர் மதிய உணவு’ தொன்மையானதாகக் கருதப்பட்டாலும், ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பீரோடு உண்ணப்பட்டது மட்டுமே பழமையானது. அத்தட்டை அப்பெயரில் நாடெங்கும் பரப்பியவை 1950களிலும் 1960களிலும் பால்பொருள் விற்பனை அமைப்புகள் நடத்திய விளம்பரங்களே. 2,000க்கு மேற்பட்ட பப்புகளை வைத்திருந்த ஆலைகள் அவற்றில் ஒரு பகுதியைத் தம் பிடியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று 1989இல் அரசு ஆணையிட்ட பின், பழைய பப்புகள் பல கைமாறின. அச்சூழலில் 1991இல் கிளார்க்கன்வெல் பகுதியில் மைக்கேல் பெல்பனும் டேவிட் அயரும் எடுத்து நடத்திய ‘ஈகிள்’, வெள்ளைத் துணி விரித்த மேசையோ முன்பதிவோ இன்றி, மதுமேடைக்குப் பின்னாலேயே தரமான உணவைச் சமைத்துக் கரும்பலகையில் எழுதி விற்றது. ‘காஸ்ட்ரோபப்’ என்னும் புதுவகைக்கு அதுவே முன்மாதிரியாயிற்று.

ஆலைகளின் வரலாறு அண்மையில் வேறு திசையில் சென்றுள்ளது. வாண்ட்ஸ்வர்த்தில் யங்ஸ் நிறுவனத்தின் ஆலை 2006இல் மூடப்பட்டது. சிஸ்விக்கில் ‘லண்டன் பிரைடு’ காய்ச்சிவந்த ஃபுல்லர்ஸ் நிறுவனத்தின் பீர்த் தொழில் 2019இல் ஜப்பானிய அசாஹி நிறுவனத்துக்குச் சென்றது. இரு நிறுவனங்களும் பப்புகளை மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்டன. 2017 முதல் இங்கிலாந்தில் பப்பை இடிக்கவோ வேறு பயன்பாட்டுக்கு மாற்றவோ திட்ட அனுமதி கட்டாயமாகியிருப்பதால் கட்டடங்களுக்கு ஓரளவு காப்பு கிடைத்துள்ளது. நிலவறை வேலைக்கு அத்தகைய காப்பு எதுவுமில்லை. திறந்த பீப்பாய் மூன்று நாளில் காலியாகும் அளவுக்கு ஆள் வராத பப்பில் அந்த ஏலைத் தரமாக வைத்திருப்பது எத்தகைய திறமைசாலிக்கும் இயலாது. மதியமும் மாலையும் கூட்டத்தை வரவழைக்கும் நல்ல சமையல், பார்ப்பதற்கு மரபிலிருந்து விலகிய புதுமையாகத் தோன்றினாலும், பீப்பாயை உரிய காலத்தில் தீர்த்து, மரபின் மிகப் பழைய பகுதிக்கு ஆகும் செலவை இன்று ஈடுசெய்வது பெரும்பாலும் அதுவே.