எண்டோஸ்கோப்பிக்

எண்டோஸ்கோப்பிக் என்பது ஒரு மருத்துவப் பெயரடை. உடலை வெட்டித் திறக்காமல், விளக்குள்ள குழாயைச் செலுத்தி உள்ளுறுப்புகளைப் பார்க்கும் முறையையும், அக்குழாய் வழியே செய்யும் சிகிச்சையையும் குறிக்கும்.

கிரேக்கத்தில் 'எண்டோன்' என்றால் உள்ளே. 'ஸ்கோபெயின்' என்றால் பார்த்தல். டெலஸ்கோப், மைக்ராஸ்கோப் ஆகியவற்றின் பின்பாதியும் இதுவே. தொலைநோக்கி, நுண்ணோக்கி என்ற அதே வரிசையில் தமிழில் அகநோக்கி, உள்நோக்கி என்ற பெயர்கள் அமைந்தன. பெயரடையாக்கும்போதுதான் சிக்கல். 'உள்நோக்க' என்று தொடங்கினால் மறைவான எண்ணம் என்ற பொருள் முந்திக்கொள்ளும். 'அகநோக்கு' என்றாலோ தன்னைத்தானே ஆராய்வது என்றாகிவிடும். 'அகநோக்கி வழி அறுவை' என்று எழுதுவதே தெளிவு.

சொல்லைவிடக் கருவிக்கு வயது அதிகம். 1806இல் ஜெர்மானிய மருத்துவர் பிலிப் போட்சினி, மெழுகுவர்த்தி ஒளியைக் குழாய்க்குள் செலுத்தும் கருவியைப் பற்றி எழுதியபோது அதை 'ஒளி கடத்தி' என்றே அழைத்தார். எண்டோஸ்கோப் என்ற பெயர் 1853இல் பிரெஞ்சு மருத்துவர் தெசோர்மோவால் வழக்குக்கு வந்தது. அவர் கருவியில் சாராயமும் டர்பன்டைனும் கலந்து எரிந்தன. 1868இல் குஸ்மால் என்ற மருத்துவர், இரைப்பைக்குள் விறைப்பான குழாயை இறக்கிப் பார்க்க வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்தார். வேறு யார் தொண்டை அதற்கு இடம் கொடுக்கும்! குழாய் வளையத் தொடங்கியது கண்ணாடி இழையால்தான். பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் ஹாப்கின்ஸும் 1954இல் இழைக்கற்றை வழியே படம் கடத்தும் முறையை வெளியிட்டனர். அதைப் பின்பற்றி ஹிர்ஷோவிட்ஸ் என்ற மருத்துவர் 1957இல் வளையும் கருவியைப் பயன்படுத்திக் காட்டினார்.

மருத்துவப் பாடப்புத்தகத்தில் இருப்பது ஆங்கிலப் பெயரடை. நோயாளியின் உறவினர் வாயிலோ "டியூப் விட்டுப் பாத்தாங்க". பெயரடையின் வேலையை 'விட்டு' என்ற வினையெச்சம் முடித்துவிடுகிறது. பேச்சில் எண்டோஸ்கோப்பி என்றால் பெரும்பாலும் வாய்வழி விடுவது மட்டுமே. ஆசனவாய் வழியானது கொலனோஸ்கோப்பி. மருத்துவக் கணக்கில் இரண்டுமே எண்டோஸ்கோப்பிக் சோதனைகள்.