கடினச் சொற்களுக்கு ஓர் அகராதி

பதினாறாம் நூற்றாண்டில் இலத்தீன், கிரேக்க நூல்களைப் பெயர்த்த இங்கிலாந்து அறிஞர்கள், ஈடான சொல் கிடைக்காத இடங்களில் மூலச்சொல்லையே சிறிது உருமாற்றி ஆங்கிலத்தில் வழங்கியதால், அம்மொழியில் ஆயிரக்கணக்கான புதுச்சொற்கள் வந்து சேர்ந்தன. எதிர்த்தவர்கள் இவற்றை ‘மைக்கூட்டுச் சொற்கள்’, அதாவது எழுதுவோரின் மைக்கூட்டிலன்றி மக்கள் நாவில் பிறவாதவை, என்று பழித்தனர். 1553இல் வெளிவந்த தம் அணியியல் நூலில் தாமஸ் வில்சன் இப்போக்கைக் கடுமையாகச் சாடினார். ஆயினும் அச்சொற்களிற் பல நிலைத்துவிட்டன.

அவற்றால் இடர்ப்பட்டவர்கள், இலத்தீன் கற்பித்த இலக்கணப் பள்ளிகளுள் நுழைய வழியில்லாதவர்கள், குறிப்பாகப் பெண்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தும் மறைநூலிலும் தேவாலய உரைகளிலும் வரும் அருஞ்சொற்களுக்குப் பொருள் விளங்காது நின்ற இவர்களுக்காகவே, சமய அதிகாரத்தோடு முரண்பட்டுத் திருச்சபைப் பதவியை இழந்தவரும் பள்ளியாசிரியராக இருந்தவருமான ராபர்ட் காட்ரி, 1604இல் ஏறத்தாழ 2,500 கடினச் சொற்களைக் கொண்ட அகரவரிசைப் பட்டியலை வெளியிட்டார். ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறிய முதல் அகராதி இதுவே என்பர். சீமாட்டிகளுக்கும் கல்லாத பிறருக்கும் உரியது என்று அதன் முகப்பே அறிவித்தது. அறிஞர் உலகு பொருட்படுத்தாத வாசகரை முன்னிறுத்தி நூல் செய்த இத்துணிவு பெரிதும் போற்றத்தக்கது.

சொற்பொருள் பெரும்பாலும் ஓரிரு சொற்களிலேயே முடிந்தது. பிரெஞ்சு வழி வந்த சொற்களுக்கும் கிரேக்கச் சொற்களுக்கும் தனித்தனிக் குறியீடுகள் இடப்பட்டன. அகரவரிசையில் சொல் தேடுவது அன்று பரவலான பழக்கமன்று ஆதலால், எழுத்துகளை வரிசை பிறழாமல் மனப்பாடம் செய்யவேண்டும் என்றும், முதலெழுத்தைக் கொண்டு நூலின் தொடக்கத்திலோ இறுதியிலோ தேடவேண்டும் என்றும், அவ்வெழுத்துக்குள்ளும் இரண்டாம் எழுத்தை நோக்கவேண்டும் என்றும் முன்னுரையில் பொறுமையாக விளக்கினார். அம்முன்னுரையிலேயே, வில்சனின் வாதத்தைத் தழுவி, எளிய நடையையும் வலியுறுத்தினார். பகட்டான சொல்லாட்சியை மறுத்தவரே அதைப் புரிந்துகொள்ளும் கருவியையும் ஆக்கித் தந்தார். எட்மண்ட் கூட்டின் 1596ஆம் ஆண்டுப் பள்ளி நூலிலிருந்து அவர் மிகுதியாக எடுத்தாண்டார் என்பதும் உண்மை.

ஹென்றி காக்கரம் 1623இல் வெளியிட்ட அகராதியோ வேறொரு வேட்கைக்கு ஈடுகொடுத்தது. அதன் ஒரு பகுதியில் அருஞ்சொற்களுக்கு எளிய பொருளும், மற்றொரு பகுதியில் எளிய சொற்களுக்கு ஈடான உயர்நடைச் சொற்களும் தரப்பட்டமையால், வாசகர் புரிந்துகொள்வதோடு நில்லாமல் தாமும் உயர்நடையில் எழுத முற்பட்டனர். வழக்கறிஞரான தாமஸ் பிளவுண்ட் 1656இல் சொற்பிறப்பையும் சேர்த்து ஏறத்தாழ 11,000 சொற்களைத் தொகுத்தார். அன்றாடச் சொற்களுக்கும் முறையாக இடமளித்த அகராதி 1702இல்தான் வெளிவந்தது.