பகுதிநேரக் கல்வியியல் முனைவர் பட்டம் (விருதுநகர் வட்டாரம்)

பணியில் இருந்தபடியே ஆசிரியர்கள் மேற்கொள்ளும் ஆய்வுப் படிப்பு. அமெரிக்காவில் ஹார்வர்டு 1920களில் தொடங்கிய ‘எட்.டி.’ என்னும் தொழில்சார் பட்டம் இந்தியாவில் வேரூன்றவில்லை, பகுதிநேர பிஎச்.டி.யே இங்கு வழி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைப்படி பணியிடத்தின் தடையின்மைச் சான்று கட்டாயம். படிப்புக்காலம் குறைந்தது 3 ஆண்டு, பொதுவாக 6 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். ஆய்வுக்கு நேரம் ஒதுக்க வேலை இடம்தரும் என்றும் தடையின்மைச் சான்று சொல்ல வேண்டும். பொதுத்தேர்வு மாதங்களில் அந்த உறுதி காகிதத்தோடு நின்றுவிடும்.

விருதுநகர், சிவகாசி ஆசிரியர்களுக்கு அருகிலிருப்பவற்றில் ஒன்று 1966இல் நிறுவப்பட்ட மதுரை காமராசர் பல்கலைக்கழகம். ஆய்வுப்பொருள் தேடி அவர்கள் அலைய வேண்டியதில்லை. 1988இல் தொடங்கி, தனித் திட்டமாக 2021 வரை நடந்த தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம், அதன் சிறப்புப் பள்ளிகள், பட்டாசு ஆலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகள்: தீபாவளிக்கு முந்தைய மாதங்களின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலே கேள்விகள் கிளம்பும்.